செல்லப்பிராணியின் மூட்டுவலிக்குப் பிளாஸ்மா ஊசி, ஸ்டெம் செல் சிகிச்சை: முதன்முறையாக யோசிப்பவர்களுக்கு

வளர்க்கும் நாய் விந்தி விந்தி நடக்கிறது. மருத்துவர் “பி.ஆர்.பி. ஊசி (பிராணியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா ஊசி) போட்டுப் பார்க்கலாமா?” என்கிறார். இல்லையென்றால், ஸ்டெம் செல் (மூலச் செல்) போட்ட மறுவாரமே நாய் குட்டியாட்டம் ஓடுகிறது என்று யாரோ ஒரு வீடியோவை அனுப்பிவைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் இந்தச் சிகிச்சைகளைப் பற்றி முதலில் கேள்விப்படுவது இப்படித்தான். அந்த நேரத்தில் நல்ல தகவல் கையில் இல்லாவிட்டால், பணமும் போய், பிராணியின் வேதனையும் நீளும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஊசிகளால் தேய்ந்துபோன குருத்தெலும்பு பழையபடி வளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதனால் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்வது மிகக் குறைவு. மூட்டுக்குள் ஓயாமல் நடக்கும் அழற்சியைத் தணிப்பது, வலியைக் குறைப்பது, பிராணி மறுபடி காலை ஊன்ற வழி செய்வது, இவைதான் இந்த ஊசிகளிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை. அதுவே ஒரு வயதான நாய்க்குப் பெரிய விடுதலை. ஆனால் அது எல்லா நோய்க்கும் கிடைக்காது, எல்லாப் பிராணிக்கும் ஒரே அளவில் கிடைக்காது.

வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

நாய் கத்தினால்தான் வலி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாள்பட்ட மூட்டுவலியில் நாய்கள் பெரும்பாலும் சத்தமே போடாது. தூங்கி எழுந்ததும் முதல் பத்து எட்டு விறைப்பாக வைத்துவிட்டுப் பிறகு சரியாகிவிடும். இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் மாதிரித் தாவி ஓடும். உட்காரும்போது ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள்: வலியுள்ள பக்கத்துத் தசை மெலிந்திருந்தால், அந்தக் காலை அது பல வாரங்களாக ஒதுக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பூனை விஷயம் இன்னும் கடினம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஆனால் மூட்டுவலி என்று மருத்துவரிடம் வரும் பூனைகள் அபூர்வம். காரணம், பூனை நொண்டாது; செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடும். ஒரே தாவலில் ஏறிய ஜன்னல் திட்டுக்கு இப்போது நாற்காலி வழியாக ஏறும். ஏறுவதற்கு முன் முன்னங்கால்களைச் சுவரில் வைத்து, மேலே பார்த்து, ஒரு கணம் யோசிக்கும். முதுகின் கடைசிப் பகுதியில் முடி சிக்குப் பிடித்திருக்கும், ஏனென்றால் அங்கே திரும்பி நக்க இடுப்பு இடம் கொடுப்பதில்லை. மணல் தொட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கும். ‘வயசாயிடுச்சு’ என்று நாம் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலியைப் பார்த்துப் பதறி, வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்; சின்னத் துண்டுகூட ஆபத்து. ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நோய் எது என்று தெரியாமல் ஊசி வேண்டாம்

முழுக் கட்டுரையிலும் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இந்தப் பகுதியைத்தான். நொண்டுவது ஓர் அறிகுறி மட்டுமே. அதன் பின்னால் முற்றிலும் வேறு வேறு நோய்கள் இருக்கலாம். ஒன்றுக்கு நல்லது செய்யும் ஊசி இன்னொன்றுக்குக் கெடுதல் செய்யும்.

பெரிய இன நாய் ஒன்று திடீரென்று ஒரு காலில் நொண்ட ஆரம்பித்து, வலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், அது எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பிளாஸ்மா ஊசியிலும் ஸ்டெம் செல்லிலும் இருப்பவை செல்களை வளரத் தூண்டும் பொருட்கள். புற்றுநோய் இருக்கும் இடத்தில் அவற்றைச் செலுத்த எந்தப் பொறுப்புள்ள மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். எக்ஸ்ரே எடுக்காமல் ஊசி போடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. உண்ணி பரப்பும் எர்லிக்கியா போன்ற கிருமிகள் மூட்டுகளை வீங்கவைக்கும். கூடவே ரத்தத்தில், அதை உறையவைக்கும் பிளேட்லெட்களின் எண்ணிக்கையையும் இறக்கிவிடும்; பி.ஆர்.பி. ஊசிக்கு மூலப்பொருளே அவைதான். இன்று ஒரு காலில் வலி, நாளை மறு காலில் வலி, லேசான காய்ச்சல், சாப்பாட்டில் நாட்டமின்மை என்று இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. மூட்டில் கிருமித் தொற்று இருந்தாலும் இந்த ஊசிகளுக்கு இடமில்லை.

அடுத்தது, மூட்டு ஜவ்வு கிழிவது. நாய்களின் பின்னங்கால் நொண்டலுக்கு மிகப் பொதுவான காரணம், முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவதுதான். முழுதாக அறுந்துபோன தசைநாரை எந்தப் பிளாஸ்மாவும் இணைத்து வைக்காது. நாயின் முழங்கால் நிற்கும்போதே மடங்கியிருப்பது; முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பின் மேற்பரப்போ சரிந்திருக்கும். அதனால் தசைநார் அறுந்தபின் ஒவ்வொரு எட்டிலும் தொடை எலும்பு அந்தச் சரிவில் நழுவும், நடுவில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு நசுங்கும். இப்படி நிலைகுலைந்த மூட்டுக்கு, குறிப்பாகப் பெரிய நாய்களில், அறுவை சிகிச்சைதான் வழி. அந்தச் சரிவைச் சமன்படுத்தும் டி.பி.எல்.ஓ. என்ற முறை பரவலாகச் செய்யப்படுகிறது. பாதி மட்டும் கிழிந்து, மூட்டு இன்னும் உறுதியாக இருக்கும் ஆரம்ப நிலையில்தான் ஊசியைப் பற்றிப் பேசவே முடியும். ‘ஆபரேஷன் இல்லாமலே ஜவ்வைச் சேர்த்துவிடலாம்’ என்று யாராவது உறுதி கொடுத்தால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இந்த ஊசிகள் பொருந்துபவை எவை என்றால்: இடுப்பு, முழங்கை, முழங்கால் மூட்டுகளின் தேய்மானம்; தோள்பட்டையில் ஏற்படும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) காயங்கள்; பாதிக் கிழிசல்கள்; சில சமயம் மூட்டு அறுவை சிகிச்சைக்குத் துணையாக. தேய்மானம் மிதமாக இருக்கும்போது கிடைக்கும் பலன், எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்தபின் கிடைப்பது கடினம்.

ஊசிக்கு முன்பே வீடியோ எடுத்து வையுங்கள்

இதைச் சொன்னால் பலர் அலட்சியமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் நாய்களைக் கொண்டு செய்து 2012-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற நாய்களின் நடையைப் பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் கருவியில் சோதித்தார்கள். கருவி முன்னேற்றம் காட்டாத நாய்களையும் ‘தேறிவிட்டது’ என்று வளர்ப்பவர்கள் சொன்னார்கள். கால்நடை மருத்துவர்களின் கண்ணும் அதே அளவுக்கு ஏமாந்தது. நேசிக்கும் பிராணி குணமாக வேண்டும் என்ற ஆசை நம் பார்வையை அவ்வளவு வளைத்துவிடுகிறது.

அதனால் ஊசிக்கு முன்னால் ஒரு வாரமாவது பதிவு செய்யுங்கள். ஒரே இடத்தில், ஒரே தரையில், ஒரே நேரத்தில் நடக்கவிட்டு எடுக்க வேண்டும். ஒரு முறை பக்கவாட்டிலிருந்து, ஒரு முறை பின்னாலிருந்து. தூங்கி எழும் காட்சி கிடைத்தால் அதையும் எடுங்கள். பூனையை நடக்கச் சொல்லி எடுக்க முடியாது. அது படியேறுவதையும் குதித்து இறங்குவதையும் எடுத்தால் போதும். இதோடு உங்கள் பிராணிக்கே உரிய மூன்று நான்கு வேலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சோஃபாவில் ஏறுவது, எத்தனை நிமிட நடையில் பின்தங்குகிறது, இரவில் எத்தனை முறை எழுந்து இடம் மாறிப் படுக்கிறது. மருத்துவர்களிடம் இதற்கென்றே கேள்விப் பட்டியல்கள் உண்டு, கேட்டு வாங்கி நிரப்புங்கள். பின்னால் ‘பலித்ததா, இல்லையா?’ என்று தடுமாறும்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி இவைதான்.

எடை, தரை, வலி மருந்து

எடை அதிகமாக இருக்கும் பிராணிக்கு ஊசி போடுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான். தேய்மானமுள்ள பருத்த நாய்களிடம் உடல் எடையில் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டல் கணிசமாகக் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்த இன்னொரு ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உணவு பெற்றவை நடுவெண் கணக்கில் 13 ஆண்டுகள் வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டுகள், குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். மருத்துவர் எழுதித் தரும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் இன்னும் முதல் வரிசையிலேயே இருக்கின்றன. இவற்றைச் செய்துபார்த்தும் போதாதபோது, அல்லது சிறுநீரகமோ வயிறோ அந்த மருந்துகளை ஏற்காதபோது, ஊசிகளை யோசிக்கலாம்.

எந்த ஊசி?

பி.ஆர்.பி. என்பது பிராணியின் சொந்த ரத்தத்திலிருந்தே செய்வது. ரத்தத்தை எடுத்து உறையாமல் இருக்க மருந்து சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுகிறார்கள். வெளியே எடுத்த குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் அடர் சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் இடையில் தாள் கனத்தில் வெளிறிய ஒரு படலம் தெரியும். அந்தப் படலத்தில் வெள்ளையணுக்கள் இருக்கும். அதிலும் அதையொட்டியும் பிளேட்லெட்கள் திரண்டிருக்கும். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பதோடு, காயத்தை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகளையும் சுமந்து வருபவை பிளேட்லெட்கள். அவற்றைச் செறிவாக்கி மூட்டுக்குள்ளோ தசைநாணுக்குள்ளோ செலுத்துகிறார்கள். ரத்தம் எடுப்பது முதல் ஊசி வரை எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

ஆனால் எல்லா பி.ஆர்.பி.யும் ஒன்றல்ல. மனித ரத்தத்துக்காகச் செய்த கிட்களை (பி.ஆர்.பி. தயாரிக்கும் கருவித் தொகுப்புகளை) நாய் ரத்தத்தில் பயன்படுத்தினால் அதே பலன் வருவதில்லை. நாய்களுக்கென்று விற்கப்படும் கிட்களைச் சோதித்தபோதே, சிலவற்றில் பிளேட்லெட் பல மடங்கு கூடியது, சிலவற்றில் கூடவே இல்லை. வெள்ளையணுக்களும் ஒரு பிரச்சினை: அவை அதிகமாகக் கலந்தால் மூட்டுக்குள் அழற்சியைத் தூண்டலாம் என்பதால், மூட்டுக்கு வெள்ளையணு குறைந்த தயாரிப்பையே பலர் விரும்புகிறார்கள். பூனையிடம் இன்னும் சிரமம். 4 கிலோ பூனையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறத்தாழ கால் லிட்டர்தான். அதன் பிளேட்லெட்கள் ரத்தம் எடுக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமுடையவை. ஆகவே நாய்க்கு நன்றாகச் செய்பவர் பூனைக்கும் செய்வார் என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஸ்டெம் செல் சிகிச்சை கொஞ்சம் பெரிய வேலை. மயக்கம் கொடுத்து, பிராணியின் கொழுப்பையோ எலும்பு மஜ்ஜையையோ எடுக்கிறார்கள். கொழுப்பைப் பதப்படுத்தி அன்றைக்கே செலுத்தும் முறை உண்டு. அதில் ஸ்டெம் செல்லோடு வேறு பல செல்களும் கலந்திருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பிச் சில வாரங்கள் வளர்த்துத் திரும்பப் பெறும் முறையும் உண்டு; அதில் செல்லின் எண்ணிக்கை தெரியும், மீதியை உறையவைத்துச் சேமிக்கவும் முடியும். வேறொரு ஆரோக்கியமான விலங்கிடமிருந்து பெற்று வளர்த்த செல்களும் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019-ல் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற கால்நடை ஸ்டெம் செல் மருந்து குதிரைகளின் மூட்டுக்கானது. பிறகு நாய்களின் முழங்கை, இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு, குதிரையின் தொப்புள்கொடிச் செல்களிலிருந்து செய்த மருந்துக்கும் அங்கே ஒப்புதல் கிடைத்தது. இந்தத் துறையில் குதிரைகள்தான் முன்னோடிகள். பந்தயக் குதிரைகளின் தசைநாண் காயங்களில் கிடைத்த அனுபவம்தான் நாய்களுக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் செல்கள் மூட்டுக்குள் போய்க் குருத்தெலும்பாக மாறிவிடும் என்றுதான் ஆரம்பத்தில் நம்பினார்கள். 1991-ல் இவற்றுக்கு ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயரிட்ட ஆர்னால்ட் கேப்லனே, அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும் என்று 2017-ல் எழுதினார். செலுத்திய செல்கள் நெடுநாள் தங்கித் திசுவாக மாறுவதில்லை. இருக்கும் வரை அழற்சியை அடக்கும் பொருட்களைச் சுரந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் செல்களைச் சரியான வேலைக்குத் திருப்பிவிடுகின்றன.

எக்ஸோசோம் என்ற பெயரில், செல்லே இல்லாத கரைசல்களும் விற்பனைக்கு வருகின்றன. எங்கே, எதிலிருந்து தயாரித்தது, எந்த அமைப்பு ஒப்புதல் கொடுத்தது என்பதற்குத் தாளில் பதில் இல்லாதவரை அவற்றைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் எதிர்ப்புப் புரத ஊசியையும் இவற்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்து வலியைக் குறைக்கும் மருந்து. நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று தனித்தனியே உண்டு. ஒன்றை மற்றதற்குப் போடக் கூடாது.

ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்

என் பிராணிக்கு இருக்கும் நோயின் பெயர் என்ன, எந்த மூட்டு, எந்த நிலை? பி.ஆர்.பி. என்றால், எந்தக் கிட், அது இந்த விலங்கின் ரத்தத்தில் சோதிக்கப்பட்டதா, தயாரித்தபின் பிளேட்லெட்டை எண்ணிப் பார்ப்பீர்களா? ஸ்டெம் செல் என்றால், யாருடைய செல், எத்தனை, எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கும், கிருமிச் சோதனை செய்ததா? ஊசியை ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா? தசைநாணுக்குப் போடும்போது இது மிக முக்கியம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கேயும் வழிகாட்டி இல்லாமல் குறி தப்பலாம். பலன் இல்லையென்றால் அடுத்தது என்ன? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் சலித்துக்கொள்ள மாட்டார். கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறதா என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

மருந்துகளையும் முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள். அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளும் ஸ்டீராய்டுகளும் பிளேட்லெட்டின் வேலையில் குறுக்கிடலாம் என்பதால், ஊசிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் அவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். எத்தனை நாள் என்பது மருத்துவரைப் பொறுத்து மாறும். நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தும் நாட்களில் வலிக்கு மாற்றாக வேறு மருந்து எழுதித் தரும்படி கேளுங்கள். அதுவரை பிராணி வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை.

ஊசி நாளும் அதற்குப் பின்னும்

மயக்கம் கொடுப்பதால் முந்தைய இரவிலிருந்து உணவு எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு போங்கள். மூட்டைச் சுற்றி முடியை மழித்து, அறுவை சிகிச்சைக்குச் செய்வது போலச் சுத்தம் செய்வார்கள். ஊசி மூட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கொஞ்சம் மூட்டுத் திரவத்தை உறிஞ்சுவார்கள். சரியான இடம்தான் என்பதற்கு அது அத்தாட்சி. ஆரோக்கியமான மூட்டுத் திரவம் தெளிந்து, விரலிடையில் தொட்டால் முட்டையின் வெள்ளைக்கரு போல இழைபடும். கலங்கியோ நீர்த்தோ வந்தால் மருத்துவர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஊசியைத் தள்ளிப்போடலாம். அது சரியான முடிவுதான், ஏமாற்றம் கொள்ள வேண்டாம்.

அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வலி கூடித் தெரியலாம், மூட்டு கொஞ்சம் வீங்கலாம். பயந்துவிடாதீர்கள். ஆனால் அதற்குப் பிறகும் வீக்கம் வளர்ந்தால், தொட்டால் சூடாக இருந்தால், காலை அறவே ஊன்றாமல் போனால், சோர்ந்து சாப்பிடாமல் இருந்தால், அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூட்டுக்குள் தொற்று அரிதுதான், வந்துவிட்டால் ஒரு நாள் தாமதமும் அதிகம்.

முதல் இரண்டு வாரம் வாரைப் பிடித்தபடி சிறு நடை மட்டும். ஓட்டம், படிக்கட்டு, சோஃபாவிலிருந்து குதிப்பது, மற்ற நாய்களோடு மல்லுக்கட்டு எதுவும் கூடாது. தசைநாண் காயம் என்றால் இந்தக் கட்டுப்பாடு மாதக் கணக்கில் நீளும். வலி குறைந்ததும் நாய் தானாகப் பாய்ந்து ஓடப் பார்க்கும். சிகிச்சை கெட்டுப்போகும் ஆபத்தான கட்டம் அதுதான். வாரத்துக்கு வாரம் நடை நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மெலிந்த தொடைத் தசையைத் திரும்பக் கட்டுவது ஊசி செய்யாத வேலை. அதற்கு உட்கார்ந்து எழும் பயிற்சி, மெதுவான ஏற்றத்தில் நடை, வசதி இருந்தால் தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் என்று உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் திட்டம் போட்டுத் தருவார்.

பி.ஆர்.பி.யின் பலன் சில வாரங்களில் தெரிய ஆரம்பிக்கும். ஸ்டெம் செல்லுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம்கூட ஆகலாம். நான்காம் வாரம், எட்டாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் அதே தரையில் அதே கோணத்தில் வீடியோ எடுத்து, பழையதையும் புதியதையும் அருகருகே ஓடவிட்டுப் பாருங்கள். முடிந்தால் எது முன்னது, எது பின்னது என்று தெரியாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். முன்னேற்றம் தெரிந்தால், அது சில மாதங்களோ ஒரு வருடமோ நின்று மெல்லக் குறையும். மறுபடி போடுவதா என்பதை அப்போது, குறிப்புகளை வைத்துக்கொண்டு மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். பன்னிரண்டாம் வாரத்திலும் வீடியோவில் வித்தியாசமே இல்லையென்றால், அதே ஊசியை இன்னொரு முறை போடச் சம்மதிக்கும் முன் எக்ஸ்ரேயோடு வேறொரு எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்து, நோய் கணித்தது சரிதானா என்று கேட்டு வாருங்கள்.